சோகைக்குத் தீ வைக்கும் முன்

ஒரு ஹெக்டேர் கரும்பை வெட்டி லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டால் வயலில் சுமார் 10 டன் சோகை கிடக்கும். முழங்கால் உயரத்துக்குக் கிடக்கும் அந்தக் காய்ந்த இலையை என்ன செய்வது என்ற கேள்விக்கு எங்கள் பக்கத்தில் பெரும்பாலானோர் வைத்திருக்கும் விடை ஒரு தீப்பெட்டி. தை பிறந்ததிலிருந்து சித்திரை வரை, கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டிக்குச் சாயங்கால பஸ்ஸில் போய்ப் பாருங்கள். எங்காவது ஒரு வயல் எரிந்துகொண்டிருக்கும். மறுநாள் காலையில் மொட்டை மாடியில் காயும் வேட்டியில் கருந்தூள் ஒட்டியிருக்கும். ஆஸ்துமாக்காரர்கள் இருக்கும் வீடுகளில் சன்னலைத் திறக்கவே யோசிப்பார்கள்.

விவசாயியைக் குற்றம் சொல்லி எழுதுவது எளிது. நான் கரும்பு வீட்டில் பிறந்தவன். அந்த அவசரம் எனக்குத் தெரியும். வெட்டு முடிந்த சில நாட்களுக்குள் கட்டை சீவி, உரம் வைத்து, தண்ணீர் பாய்ச்சினால்தான், வெட்டிய கட்டையிலிருந்து முளைக்கும் மறுதாம்பு ஒழுங்காகக் கிளம்பும். சோகை கிடந்தால் மண்வெட்டி இறங்காது, வாய்க்காலில் தண்ணீர் ஓடாது, எலியும் அதைத் தேடிப் பாம்பும் வந்து சேரும். ஆள் வைத்து வாரிக் கரையில் போடலாம் என்றால், ஆளே கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. தீ வைத்தால் அரை மணி நேரத்தில் வயல் சுத்தம்.

அந்த அரை மணி நேரத்தில் சோகையில் இருந்த தழைச்சத்து ஏறக்குறைய முழுவதும் காற்றோடு போய்விடுகிறது. மேல்மண்ணில் இருக்கும் புழுவும் நுண்ணுயிரும் வெந்து போகின்றன. சாம்பல் சத்து மட்டும் கொஞ்சம் மிஞ்சும், அதையும் அடுத்த காற்று கொண்டுபோகும். பிறகு அதே விவசாயி யூரியா மூட்டைக்கு வரிசையில் நிற்கிறார். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

எரித்து வீணாக்குவதைக் கரியாக்கி அடுப்புக்குக் கொண்டுவரலாம் என்பது புதிய யோசனை இல்லை. மகாராஷ்டிரத்தில் இதை முனைந்து செய்து காட்டியவர் புனேயைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆனந்த் கார்வே. மானுடவியலாளர் ஐராவதி கார்வேயின் மகன், பெண் கல்விக்காக வாழ்நாளைக் கொடுத்த மகரிஷி கார்வேயின் பேரன். அவருடைய ஆர்ட்டி நிறுவனம், கரும்புச் சோகையைக் கரியாக்கி எரிகட்டி செய்யும் முறைக்காக 2002-இல் பிரிட்டனின் ஆஷ்டன் விருதைப் பெற்றது. மூடிய இரும்பு டிரம்களுக்குள் சோகையை அடைத்து, வெளியே சோகையையே எரித்து அவற்றைச் சூடாக்குவது அவர்கள் முறை. டிரம்மிலிருந்து கசியும் வாயுவும் அதே நெருப்பில் எரிந்து வெப்பம் தருவதால், புகையில் பெரும்பகுதி எரிபொருளாகிவிடுகிறது.

ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஏமி ஸ்மித்தும் அவருடைய மாணவர்களும் ஹைட்டி நாட்டில் கரும்புச் சக்கையை வைத்து இதைச் செய்தார்கள். சமையலுக்கு மரக்கரியையே நம்பியிருக்கும் நாடு அது. காடு அழிந்துகொண்டே வந்தது. ஒரு பழைய எண்ணெய் டிரம், மரவள்ளிக் கிழங்குக் கஞ்சி, கையால் தட்டும் ஓர் அச்சு. இவ்வளவுதான் அவர்களுடைய கருவிகள். நம் பக்கத்திலும், சென்னை தரமணியில் உள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் பயிர்க்கழிவுகளைக் கரியாக்க ஓர் எளிய இரும்பு உலையை வடிவமைத்திருக்கிறது.

ஆக, செய்முறை கைவசம் இருக்கிறது. எந்தக் கழிவைக் கரியாக்குவது, எதைத் தொடாமல் விடுவது என்ற கேள்விதான் கடலூர் மாவட்டத்தில் யாரும் உட்கார்ந்து பேசாத கேள்வி. ‘கழிவிலிருந்து கரி’ என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லும்போது எல்லாக் கழிவையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறார்கள். அதைத்தான் நான் ஏற்க மறுக்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. காய்ந்த பயிர்க்கழிவு ஒரு கிலோவில் சுமார் 4,000 கிலோ கலோரி வெப்பம் இருக்கிறது. 100 கிலோவில் 4 லட்சம். அதைக் கரியாக்கினால் 25 கிலோ கரி கிடைக்கும். நல்ல கரி கிலோவுக்கு 7,000 என்று வைத்தாலும் மொத்தம் 1,75,000 தான். பாதிக்கு மேல் வெப்பம் உலையிலேயே போய்விடுகிறது. பெரிய கொதிகலனில் அப்படியே போட்டு எரிக்கக்கூடிய ஒன்றைக் கரியாக்குவது, அதனால், நஷ்டக் கணக்கு. நெய்வேலியில் தோண்டியெடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம். கிலோவுக்கு 2,700 கிலோ கலோரி அளவில்தான் வெப்பம். நம் வயலில் காய்ந்து கிடக்கும் தட்டை அதைவிட மேலான எரிபொருள்! அனல் மின் நிலையங்களில் நிலக்கரியோடு பயிர்க்கழிவு உருண்டைகளையும் சேர்த்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை 2021-இல் கொள்கையும் வகுத்திருக்கிறது. மணிலா (நிலக்கடலை) ஓடு, மரத்தூள் போன்றவற்றைக் கரியாக்காமலே அதிக அழுத்தத்தில் கட்டியாக்கி, ‘வெள்ளை நிலக்கரி’ என்ற பெயரில் ஆலைகளுக்கு விற்பதும் நடக்கிறது. அழுத்தத்தில் எழும் சூட்டில் தாவரத்தில் உள்ள லிக்னின் இளகி அதுவே பசையாகிவிடும். வேறு பசை வேண்டாம்.

அப்படியானால் கரி எதற்கு? சின்ன நெருப்புக்கு. புகை இல்லாமல், சுவாலை இல்லாமல், ஒரு கைப்பிடியில் நெடுநேரம் நின்று எரிய வேண்டிய இடங்களுக்கு. இஸ்திரிப் பெட்டி, டீக்கடை பாய்லர், கொல்லன் பட்டறை, சுட்ட கோழி விற்கும் கடை. அந்த இடங்களில் இழந்த பாதிக்கு ஈடான நன்மை கிடைக்கிறது.

இப்போது ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். வைக்கோல் மாட்டுக்கு. சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடை எந்திரம் வந்தபிறகு வைக்கோல் வயலிலேயே சிதறிக் கிடப்பதைச் சாக்காக வைத்துக் கொளுத்துகிறார்கள். ஆனால் அதைக் கட்டாக்கும் எந்திரமும் வந்துவிட்டது. மாடு தின்னக்கூடியதைக் கரியாக்க எனக்கு மனம் வராது.

உமியைக் கரிக்கட்டியாக்கலாம் என்று பலர் கேட்கிறார்கள். உமியில் ஏறக்குறைய 20 சதவீதம் சாம்பல், அதுவும் பெரும்பாலும் சிலிக்கா. கரியாகும்போது இந்தச் சாம்பல் எங்கும் போகாது. 100 கிலோ உமி 40 கிலோ கரியாகச் சுருங்கினால், அந்த 40-இல் 20 கிலோ சாம்பல்தான். பாதி மண்ணைக் கொளுத்துவதற்கு யார் காசு கொடுப்பார்கள்? உமி அரிசி ஆலையின் கொதிகலனுக்கே போகட்டும். நெல் புழுக்க அது இப்போதே பயன்படுகிறது.

கரும்புச் சக்கை கழிவே இல்லை. 1842-இல் தொடங்கிய நெல்லிக்குப்பம் ஆலை போன்ற இடங்களில் சக்கைதான் கொதிகலனை ஓட்டுகிறது, மின்சாரம் தருகிறது. புகழூர் காகித ஆலை சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது.

பண்ருட்டி முந்திரி ஓடு கவர்ச்சியாகத் தெரியும். குவியல் குவியலாகக் கிடைக்கும், நன்றாக எரியும். ஆனால் காடாம்புலியூர்ப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்கள் அதை அடுப்புக்குப் பரிந்துரைக்க மாட்டார்கள். ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை வேகவைத்துக் கருக்கிவிடும். உள்ளங்கையில் சாம்பலையோ விளக்கெண்ணெயையோ தடவிக்கொண்டுதான் உட்காருகிறார்கள். அந்த எண்ணெய் புகையாக வந்தால் கண்ணும் தொண்டையும் என்ன ஆகும்? எண்ணெய் எடுக்கும் ஆலைக்கு அது போவதே முறை.

சோகைக்கு வருகிறேன். கரிக்கட்டிக்குச் சோகை ஏற்றதுதான், கார்வே அதை நிரூபித்தும் காட்டினார். ஆனாலும் கடலூர் நிலத்துக்கு அதன் முதல் பயன் மூடாக்கு. வரிசை விட்டு வரிசை பரப்பினால் ஈரம் நிற்கும், களை குறையும், மழைக்குள் மக்கத் தொடங்கிவிடும். டிராக்டரில் மாட்டி ஓட்டும் சோகை தூளாக்கும் எந்திரம் வாடகைக்குக் கிடைக்கும் ஊரில் தீ வைக்கக் காரணமே இல்லை. அந்த வசதி எட்டாத வயலில், நாளை எப்படியும் எரியப்போகிறது என்றால், அப்போது கரியாக்குங்கள். எரிவதைவிடக் கரியாவது மேல். கரியாவதைவிட மண்ணாவது மேல். என் வரிசை இதுதான்.

மாவட்டத்தின் மேற்கே போனால் படம் மாறுகிறது. வேப்பூர், மங்களூர், நல்லூர் பக்கம் மானாவாரி மக்காச்சோளமும் பருத்தியும். பருத்திமாரைப் பிடுங்கி அழிக்கத்தான் வேண்டும். நிலத்தில் விட்டுவைத்தால் காய்ப்புழு அதில் தங்கி அடுத்த பருவத்துக்கு வந்துவிடும். கடினமான தண்டு, நல்ல கரி தரும். மக்காச்சோளம் கதிரடித்த களத்தில் மணி உதிர்ந்த சக்கை மலைபோலக் குவியும். கொஞ்சம் அடுப்பெரிக்கப் போகும், மீதி மழையில் நனைந்து பூஞ்சை பிடிக்கும் அல்லது கொளுத்தப்படும். இந்தச் சக்கையில் சாம்பல் ஓரிரண்டு சதவீதம்தான். தவிர, கரியான பிறகும் அதன் உருவம் கெடுவதில்லை. அரைத்து, பசை சேர்த்து, அச்சில் அழுத்தும் வேலை எதுவும் இல்லாமல் அப்படியே அடுப்பில் போடலாம். கடலூர் மாவட்டத்தில் கரித்தொழில் ஒன்று தொடங்க வேண்டுமானால் அது மக்காச்சோளச் சக்கையில்தான் தொடங்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன்.

வேப்பூர்ப் பக்கம் என் மாமாவின் களத்தில் இதைச் செய்து பார்க்கிறோம். 200 லிட்டர் டிரம் ஒன்று. அடியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குத் துளைகள். மேல் மூடி தனியாகக் கழன்று வரும். மூன்று கல்லின் மேல் டிரம்மை நிறுத்தி, நடுவில் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் சக்கையைக் கொட்டி, பிறகு மூங்கிலை உருவிவிட வேண்டும். அந்த ஓட்டைதான் காற்று ஏறும் வழி. மேலே கொஞ்சம் சருகு வைத்துப் பற்றவைத்தால் முதலில் வரும் வெள்ளைப் புகை பெரும்பாலும் நீராவி. ஈரச் சக்கை என்றால் இந்த வெள்ளைப் புகை போகவே போகாது, எரிபொருளில் பாதி அதை உலர்த்துவதற்கே செலவாகிவிடும். நன்றாக வெயிலில் காய்ந்த சக்கைதான் வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

200 டிகிரியைத் தாண்டும்போது புகை மஞ்சளித்துக் கனத்துவிடுகிறது. கண்ணைக் கரிக்கும் இந்தப் புகையில்தான் எரியும் வாயுக்கள் இருக்கின்றன. ஒரு கொள்ளியை மேலே காட்டினால் புகையே குப்பென்று தீப்பிடித்து, டிரம்மின் வாயில் சுவாலையாக நின்று எரியும். புகை வெகுவாகக் குறைந்துவிடும். பலர் இந்த இடத்தைக் கவனிக்காமல் விடுகிறார்கள். புகையைப் பற்றவைக்காமல் ஊருக்குள் அனுப்பினால், வயலில் தீ வைப்பவருக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்? கொஞ்ச நேரத்தில் சுவாலை தணிந்து, மெல்லிய நீலப் புகை தெரியும். அதுதான் மூட வேண்டிய தருணம். கல்லை உருவி டிரம்மைத் தரையில் இறக்கி, மூடி போட்டு, அடியிலும் மேலும் ஈரமண்ணைக் குழைத்து இண்டு இடுக்கெல்லாம் அப்ப வேண்டும். ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும் காற்று உள்ளே போய், காலையில் திறக்கும்போது சாம்பல்தான் இருக்கும்.

மாமாவின் களத்துக்கு வரும் ஒரு பெரியவர் கரி வெந்ததா என்று பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறார். துண்டை உடைத்துப் பார்க்கிறார். உள்ளே பழுப்பு தெரியக் கூடாது, கலகலவென்று சத்தம் வர வேண்டும். பிறகு கையில் ஒட்டிய கரியைக் குடத்துத் தண்ணீரில் கழுவுகிறார். வெறும் தண்ணீரிலேயே போய்விட்டால் நல்ல கரி. பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டால் தார் மிச்சமிருக்கிறது, எரிக்கும்போது புகையும். அறிவியல்படியும் இது சரியான சோதனை.

பருத்திமார்க் கரியின் பொடியோ சோகைக் கரியோ என்றால் கட்டியாக்கியே தீர வேண்டும். பொடித்துச் சலித்த கரி 10 கிலோவுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ மரவள்ளி மாவு. அதைக் கஞ்சியாகக் காய்ச்சிச் சூட்டோடு பிசைய வேண்டும். ஜவ்வரிசி ஆலைகளில் கிடைக்கும் மரவள்ளிக் கழிவான திப்பி இன்னும் மலிவு. களிமண் சேர்த்தால் கட்டி உறுதியாக இருக்கும், ஆனால் அவ்வளவும் சாம்பலாக அடுப்பில் தங்கும். சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும் ஒட்டும், எரியும்போது புகைக்கும். ஒரு பிடி பிசைந்ததை அழுத்திக் கையைத் திறந்தால் உருவம் கலையாமலும் தண்ணீர் சொட்டாமலும் இருப்பதுதான் பதம். அச்சிலிருந்து எடுத்ததை ஒரு நாள் நிழலில் வைத்துப் பிறகு வெயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். நேராக வெயிலில் வைத்தால் கொழுக்கட்டை வெடிப்பது போல வெடித்துவிடும்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் ஓர் அக்காவிடம் மக்காச்சோளச் சக்கைக் கரியையும் சோகைக் கட்டியையும் கொடுத்துப் பார்த்தேன். அவர் காலங்காலமாகப் போடுவது கொட்டாங்கச்சிக் கரி. அதன் விலை ஏறிக்கொண்டே போகிறது என்பது அவர் குறை. நியாயம்தான், கொட்டாங்கச்சிக் கரியை இப்போது ஆக்டிவேட்டட் கார்பன் ஆலைகள் வாங்கிக்கொள்கின்றன, தண்ணீர் சுத்திகரிப்புக்கும் தங்கம் பிரித்தெடுப்பதற்கும் அது வெளிநாடு போகிறது. தெரு முனையில் சட்டை தேய்ப்பவர் அந்தச் சந்தையோடு போட்டி போட வேண்டியிருக்கிறது. பல வண்டிகள் கேஸ் பெட்டிக்கு மாறிவிட்டன.

“சோகைக் கட்டி சூடு தருது தம்பி, இல்லை என்று சொல்லவில்லை” என்றார். “ஆனால் சாம்பல் அதிகம். பெட்டியை ஆட்டும்போது வெள்ளைச் சட்டையில் விழுந்தால் திரும்பத் துவைத்துக் கொடுக்க வேண்டியது யார்? இந்தச் சோளக் கரியில் அந்தத் தொல்லை இல்லை. சீக்கிரம் பிடிக்கிறது. ஆனால் கொட்டாங்கச்சி மாதிரி நிற்காது, நடுவில் இன்னொரு பிடி போட வேண்டியிருக்கிறது.”

நான் படித்த எந்தக் கையேட்டிலும் இவ்வளவு தெளிவான ஒப்பீட்டைப் பார்த்ததில்லை. சாம்பல் சதவீதம் என்று நாம் சொல்வது அவருக்கு அடுத்தவரின் வெள்ளைச் சட்டை. எரிகட்டித் திட்டம் போடுகிறவர்கள் எந்திரம் வாங்குவதற்கு முன்னால் இப்படி நாலு பேரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். புதுச்சேரியில் ஊதுபத்தித் தொழிலுக்கும் கரித்தூள் வேண்டும். பத்தியின் கருப்பு நிறமே கரித்தூள்தான். கட்டியாகாமல் உதிர்ந்த தூளுக்கு அது ஒரு வழி. அதுவும் விலை போகாவிட்டால் சாணத்தோடு கலந்து ஊறவைத்து நிலத்திலேயே போட்டுவிடலாம். கரி மண்ணில் நெடுங்காலம் மக்காமல் கிடந்து ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும்.

கரி என்று பேசும்போது சொல்லாமல் விடக்கூடாத ஒன்று உண்டு. வட தமிழ்நாட்டில் சீமைக் கருவேலை வெட்டி மூட்டம் போடும் வேலையில் இருளர் குடும்பங்கள் முன்பணத்துக்காகக் கொத்தடிமைகளாகக் கிடந்து, அதிகாரிகளால் மீட்கப்பட்ட செய்திகளை நாம் மீண்டும் மீண்டும் படித்திருக்கிறோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. அதன் பிறகும் பிள்ளைகள் மூட்டத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தார்கள். நாம் வாங்கும் மூட்டைக் கரியின் மலிவு விலைக்குள் யாருடைய உழைப்பு அடங்கியிருக்கிறது என்று கேட்கும் கடமை நமக்கு இருக்கிறது. கரிமூட்டத்தின் நுணுக்கம் தெரிந்தவர்கள் அவர்கள்தான். புதிதாகத் தொடங்கும் கரித்தொழிலில் டிரம்மும் கணக்குப் புத்தகமும் அவர்கள் கையிலேயே இருக்க வேண்டும். பசுமைத் தொழில் என்று பெயர் வைத்துவிட்டுப் பழைய முன்பண முறையிலேயே நடத்தினால் அந்தக் கரி எனக்கு வேண்டாம்.

பாதுகாப்பையும் சொல்லிவிடுகிறேன். புகை இல்லாத கரி எரியும்போதும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. நிறமும் மணமும் இல்லாததால் மூக்கு எச்சரிக்காது. கொடைக்கானல் போன்ற குளிர் ஊர்களில், அறைக்குள் கரியடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் எழுந்திருக்காமல் போன செய்திகள் வந்திருக்கின்றன. நம் ஊரில் குளிர் குறைவு, ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் அறையை மூடிக்கொண்டு நெருப்புச் சட்டி வைக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. மூடிய அறையில் கரி கூடாது. குழந்தை இருக்கும் அறையில் கூடவே கூடாது. அதேபோல் புதிதாகத் திறந்த கரியை உடனே சாக்கில் கட்ட வேண்டாம். காற்றுப் பட்டதும் உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். ஒரு நாளாவது வெளியில் பரப்பி வைத்திருந்து, பிறகு மூட்டை கட்டுங்கள். வைக்கோல் போரிலிருந்து தள்ளி வையுங்கள்.

மழையை நம்பிப் போட்ட மக்காச்சோளம் தை, மாசியில் களத்துக்கு வரும். பங்குனி வெயில் சக்கையைக் காயவைக்கும், ஐப்பசி மழைக்குள் வேலையை முடித்துக்கொள்ள நேரம் இருக்கிறது. கதிரடிக்கும் எந்திரம் நிற்கும் களத்திலேயே டிரம்மையும் வைத்துவிட்டால் சக்கையைச் சுமக்கும் செலவும் இல்லை. கரியாகக் கால் பங்கு எடையாகச் சுருங்கிய பிறகு புதுச்சேரிக்கு ஏற்றினால் லாரி வாடகையும் கட்டும். மாமாவின் ஊர் மகளிர் சுயஉதவிக் குழுவில் இரண்டு பேர் இந்த முறை டிரம்முக்குப் பக்கத்தில் நின்று புகையின் நிறத்தைப் பார்த்துப் பழகுகிறார்கள். முத்தியால்பேட்டை அக்கா மாசிக் கடைசியில் ஒரு மூட்டை கேட்டிருக்கிறார். துண்டு எலுமிச்சை அளவுக்கு மேல் போகக் கூடாது, தூள் இருந்தால் எடையில் கழித்துவிடுவேன் என்பது அவர் நிபந்தனை.